யாரிடம் தோற்கச் சம்மதம்?

நண்பனைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மனிதனுக்கு உண்டு என்று எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். எதிரியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை சாதாரணமாக யாருக்கும் வாய்ப்பதில்லை. பக்கத்து வயல்காரன் நம்மிடம் அனுமதி கேட்டுக்கொண்டா வரப்பை நகர்த்துகிறான்? பங்காளி நம் சம்மதத்தின் பேரிலா கோர்ட்டுக்குப் போகிறான்? வாழ்க்கையில் எதிரி தானாக வந்து வாசலில் நிற்கிறான். விளையாட்டில் மட்டும்தான் நாம் அவனுக்கு அழைப்பு அனுப்புகிறோம். "வா, வந்து என்னைத் தோற்கடித்துப் பார்" என்று கூப்பிடுகிறோம். யோசித்துப் பார்த்தால் இது எவ்வளவு விசித்திரமான, எவ்வளவு நாகரிகமான காரியம்!

நாகரிகமான காரியம் என்றால் அதில் தர்மசங்கடமும் கூடவே வரும். ஒரு விளையாட்டுச் சங்கம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எட்டோ பத்தோ கல்லூரிகள் அதில் அங்கத்தினர்கள். வருஷா வருஷம் தங்களுக்குள் ஆடுகிறார்கள். இன்னும் இரண்டு இடம் காலி. வாசலில் இருபது பேர் காத்து நிற்கிறார்கள். யாரை உள்ளே விடுவது? பணம் உள்ளவனையா, பலம் உள்ளவனையா, பக்கத்தில் இருப்பவனையா, நம்மைப் போல் இருப்பவனையா? கல்யாணத்தில் முதல் பந்திக்கு யாரைக் கூப்பிடுவது என்பது போன்ற கேள்வி இது. கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும். ஆனால் பந்தியில் விட்டுப்போனவர் நாற்பது வருஷமானாலும் அதை மறப்பதில்லை.

இந்தக் கேள்வியை இன்று உலகத்திலேயே அதிக ஆரவாரத்தோடு கேட்டுக்கொண்டிருப்பவர்கள் அமெரிக்கர்கள். ஆனால் ராஜபாளையத்திலிருந்து தென்காசி போகும் சாலையில், சேத்தூருக்கு அடுத்து இருக்கும் தேவதானத்தில் கபடி ஆடுகிற பையனுக்கும் இதில் பங்கு உண்டு. அமெரிக்காவுக்கும் பம்பாய்க்கும் போய்விட்டுத் தேவதானத்துக்குத் திரும்புவோம். வாசகர்கள் கொஞ்சம் பொறுமையோடு கூட வரவேண்டும்.

அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டு என்பது நம் ஊர் விளையாட்டு விழாவைப் போன்றதல்ல. ஒரு பல்கலைக் கழகத்தின் புட்பால் ஆட்டத்தை (பெயர்தான் புட்பால், காலை விடக் கைக்குத்தான் அதில் வேலை) ஒரு லட்சம் பேர் உட்கார்ந்து பார்க்கும் மைதானங்கள் அங்கே உண்டு. டெலிவிஷன் கம்பெனிகள் அந்த ஆட்டங்களுக்காகக் கோடி கோடியாகக் கொட்டிக் கொடுக்கின்றன. பல்கலைக் கழகங்கள் 'கான்பரன்ஸ்' என்ற பெயரில் சங்கம் சங்கமாகச் சேர்ந்திருக்கின்றன. சங்கம் அந்தப் பணத்தை வாங்கி அங்கத்தினர்களுக்குப் பங்கு போடுகிறது. ஆகவே எந்தச் சங்கத்தில் இருக்கிறோம் என்பது, எந்த வீட்டில் பிறந்தோம் என்பதைப் போல ஆகிவிட்டது.

பசிபிக் கடற்கரையில் அப்படி ஒரு சங்கம் 1915-ல் பிறந்தது. கலிபோர்னியா, வாஷிங்டன், ஆரிகன், ஆரிகன் ஸ்டேட் என்று இன்று நாம் அழைக்கும் நான்கு பல்கலைக் கழகங்கள் சேர்ந்து ஆரம்பித்தன. பிறகு வேறு சிலரும் சேர்ந்தார்கள். 1959-ல் சண்டை வந்து சங்கம் உடைந்தது. பெரியவர்கள் ஐவர் தங்களுக்கென்று ஒரு புதுச் சங்கம் வைத்துக்கொண்டார்கள். ஆரிகன், ஆரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் ஆகியவை வெளியே நின்றன. இதில் முதல் இரண்டும் ஸ்தாபகர்கள் என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். வாஷிங்டன் ஸ்டேட்டை 1962-லும், ஆரிகன்கள் இரண்டையும் 1964-லும் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள்.

அதன் பிறகு சுமார் அறுபது வருஷம் சங்கம் நடந்தது. பன்னிரண்டு அங்கத்தினர்களாகப் பெருகியது. 2022 ஜூனில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துப் பல்கலைக் கழகங்கள் இரண்டும், 'பத்துப் பெரியவர்கள்' என்று பெயர் கொண்ட வேறொரு சங்கத்துக்குப் போகப்போவதாக அறிவித்தன. அங்கே பங்குப் பணம் அதிகம். 2023 ஆகஸ்டில் வாஷிங்டனும் ஆரிகனும் அவற்றின் பின்னால் போயின. மற்றவர்கள் ஆளுக்கொரு திசையில் ஓடினார்கள். பசிபிக் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஸ்டான்போர்டும் கலிபோர்னியாவும் 'அட்லாண்டிக் கடற்கரைச் சங்கம்' என்ற பெயருள்ள ஸ்தாபனத்தில் போய்ச் சேர்ந்தன! கன்னியாகுமரிக்கும் காஷ்மீருக்கும் உள்ள தூரத்தைவிட அதிக தூரம் பறந்து போய் அந்தப் பிள்ளைகள் ஆட்டம் ஆட வேண்டும். 'பத்துப் பெரியவர்கள்' சங்கத்தில் இன்று பதினெட்டுப் பேர் இருக்கிறார்கள். பெயரை மட்டும் மாற்றவில்லை. கணக்கு முக்கியமில்லை, கல்லாதான் முக்கியம் என்று ஆனபின் பெயரில் என்ன இருக்கிறது?

பன்னிரண்டில் பத்துப் பேர் போய்விட்டார்கள். மிஞ்சியவர்கள் இருவர்: ஆரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட்.

இந்தக் கதையில் என் மனத்தை உறுத்துவது பணமல்ல, ஆரிகன்தான். ஆரிகனும் ஆரிகன் ஸ்டேட்டும் ஒரே ராஜ்யத்தில், ஒரு மணி நேரப் பிரயாண தூரத்தில் இருப்பவை. 1894 முதல் ஒன்றோடொன்று ஆடி வருபவை. 1959-ல் இரண்டும் சேர்ந்தே தெருவில் நின்றன. 1964-ல் இரண்டும் சேர்ந்தே உள்ளே வந்தன. பெரியவர்கள் கதவைச் சாத்தினால் வெளியே நிற்கிறவனுக்கு எப்படி இருக்கும் என்பது ஆரிகனுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. அப்படிப்பட்ட ஆரிகன்தான், கூட நின்ற சகோதரனை வாசலில் விட்டுவிட்டுப் போயிற்று.

இன்னும் ஒரு படி போவோம். கைவிடப்பட்ட இருவரும் என்ன செய்தார்கள்? 2024-ல் சங்கத்தைத் திரும்பக் கட்டப் புறப்பட்டார்கள். யாரைச் சேர்ப்பது என்ற கேள்வி இப்போது அவர்கள் கையில். பக்கத்து மலைப் பிரதேசத்துச் சங்கம் ஒன்றிலிருந்து பலமான ஐவரைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சங்கத்தில் மீந்தவர்கள் கதி? மருமகளாக இருந்து கண்ணீர் விட்டவள் மாமியாரான மறுநாள் நடந்துகொண்ட கதைதான். அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. உயிரோடு இருக்க வேண்டுமென்றால் வேறு வழி என்ன என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. புட்பால் கொண்டு வரும் பணத்தில்தான் அங்கே நீச்சல்காரனும் மல்யுத்தக்காரனும் ஓட்டக்காரியும் பயிற்சி பெறுகிறார்கள். பணம் வேண்டாம் என்று மேடையில் பேசலாம். மைதானத்துக்குப் புல் போடுகிறவன் பேச முடியாது.

ஆனால் பணத்தை மட்டுமே அளவுகோலாக வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு டல்லஸ் நகரத்து சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக் கழகம் சாட்சி. அதனுடைய பழைய சங்கம் 1996-ல் கலைந்தது. பெரியவர்கள் நால்வர் வேறு பெரிய இடத்துக்குப் போய்விட்டார்கள். இது வெளியே நின்றது. இருபத்தெட்டு வருஷத்துக்குப் பின் 2024-ல் அட்லாண்டிக் சங்கத்தில் இடம் கிடைத்தது. எந்த நிபந்தனையில் தெரியுமா? ஒன்பது வருஷத்துக்கு டெலிவிஷன் பணத்தில் பங்கே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து! பந்தியில் உட்கார்ந்தால் போதும், இலையில் ஒன்றும் போட வேண்டாம் என்று கெஞ்சியதற்கு இது சமம். வெளியே நின்று பழகியவனுக்குத்தான் இலையின் விலை தெரியும். அந்த விலையை அவனிடமே வசூலிப்பது வியாபாரம். அதற்கு விளையாட்டு என்று பெயர் சொல்ல நா கூசுகிறது.

நிற்க. அமெரிக்கனைப் பார்த்துச் சிரிக்க நமக்கு யோக்கியதை உண்டா? நாம் பணத்தைப் பார்த்து அங்கத்தினர்களைச் சேர்த்ததில்லை. வேறொன்றைப் பார்த்துச் சேர்த்தோம்.

பம்பாயில் வெள்ளைக்காரர்களும் பார்ஸிகளும் ஆடிய கிரிக்கெட் போட்டி 1892-ல் ஆரம்பமாயிற்று. 1906-ல் ஹிந்துக்கள் வெள்ளைக்காரர்களை வென்று காட்டினார்கள். மறு வருஷம் அவர்களையும் சேர்த்து மூன்று அணிப் போட்டி ஆயிற்று. 1912-ல் முஸ்லிம்கள் வந்தார்கள், நான்கு அணி. 1937-ல் ஐந்தாவது அணி ஒன்றும் சேர்ந்தது. ஒவ்வொரு தடவையும் கதவு இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்தது. அந்த மட்டில் அது நல்ல காரியம்தான். ஆனால் அந்த ஐந்தாவது அணியின் பெயரைக் கேளுங்கள்: 'தி ரெஸ்ட்'. அதாவது, மிச்சம். இந்தியக் கிறிஸ்தவன், யூதன், மேலே சொன்ன நாலு பேரிலும் சேராதவன் எல்லோரும் அதில் அடக்கம். மனிதனைப் பங்கு போட்டு முடித்தபின் பாத்திரத்தின் அடியில் ஒட்டியிருப்பது போல ஒரு பெயர்!

அந்த மிச்சத்தில் ஒருவராக விஜய் ஹஸாரே 1943-ல் ஹிந்து அணியை எதிர்த்து இறுதி ஆட்டம் ஆடினார். இரண்டாவது இன்னிங்ஸில் அவருடைய அணி எடுத்த மொத்த ரன் 387. அதில் அவர் ஒருவர் எடுத்தது 309. அவர் தம்பி விவேக் 21 ரன் எடுத்துக்கொண்டு மறுபக்கம் காவல் நிற்க, இருவரும் சேர்ந்து 300 சேர்த்தார்கள். அப்படியும் ஆட்டம் ஒரு இன்னிங்ஸ் 61 ரன் வித்தியாசத்தில் தோற்றது. யார் வென்றார்கள் என்பதை இன்று தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது. மிச்சம் என்று பெயர் வைக்கப்பட்டவன் அடித்த முந்நூற்றொன்பதைக் கிரிக்கெட் தெரிந்தவர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

உள்ளே சேர்க்கப்பட்டவர்களின் நிலைமையாவது சரியாக இருந்ததா? ஹிந்து அணியின் தலைசிறந்த பந்து வீச்சாளர் பல்வங்கர் பாலு தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்தவர். பூனாவில் அவர் ஆடிய நாட்களில், அவர் வீழ்த்திய விக்கெட்டுகள் எல்லோருக்கும் வேண்டியிருந்தன. அவருக்குத் தேநீர் மட்டும் வெளியே, மண் குவளையில். அணித் தலைவர் பதவி அவருக்குக் கொடுக்கப்படவே இல்லை. தம்பி விட்டல் 1923-ல் தலைவரானார். வாசற்படியைத் தாண்ட விடுவது ஒன்று. பந்தியில் உட்கார வைப்பது வேறொன்று. மதத்தைப் பார்த்து அணி சேர்த்த அந்தப் போட்டியைக் காந்தி 1940-ல் கண்டித்தார். 1946-ல் அது முடிந்துபோயிற்று.

பணமும் வேண்டாம், ஜாதி மதமும் வேண்டாம், தரத்தைப் பார்த்துச் சேர்த்தால் என்ன என்று கெட்டிக்காரர் ஒருவர் கேட்கலாம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆட விட்டால்தானே தரம் வரும்? தண்ணீரில் இறங்காமல் நீச்சல் கற்றுக்கொண்டவன் உண்டா?

2018-ல் ரஞ்சிக் கோப்பைப் போட்டியில் ஒரே வருஷத்தில் ஒன்பது அணிகளைச் சேர்த்தார்கள். 28 அணிகள் 37 ஆயின. அருணாசலம், மணிப்பூர், மேகாலயம், மிஜோரம், நாகாலாந்து, சிக்கிம், பீஹார், உத்தராகண்டம், நம் பக்கத்துப் புதுச்சேரி ஆகியவை அந்த ஒன்பது. ராஜ்யத்துக்கு ஓர் அணி என்ற நியாயம் அதற்கு அடிப்படை. தரம் போய்விடும் என்று பலர் தலையில் அடித்துக்கொண்டார்கள். அந்த வருஷமே உத்தராகண்டம் கால் இறுதிக்கு வந்தது. பீஹாரின் ஆசுதோஷ் அமன் 68 விக்கெட்டுகள் எடுத்து, 1974-75-ல் பிஷன் சிங் பேடி 64 எடுத்து நிலைநாட்டியிருந்த சாதனையைத் தாண்டினார். எளியவர்களுக்கு எதிராக எடுத்த விக்கெட்டுகள்தானே என்று உதட்டைப் பிதுக்கியவர்கள் உண்டு. இருக்கட்டும். அந்த அறுபத்தெட்டுக்கு முன்னால் அந்த மனிதருக்கு உதட்டைப் பிதுக்கக்கூட ஆள் இல்லையே!

கதவைத் திறந்துவிட்டால் மட்டும் தர்மம் முடிந்துவிடுமா? அதுவும் இல்லை. 2022 மார்ச்சில் கல்கத்தாவில் நாகாலாந்தும் ஜார்க்கண்டும் மோதின. ஜார்க்கண்ட் முதலில் 880 ரன் எடுத்தது. நாகாலாந்து 289-ல் ஆட்டமிழந்தது. முதல் இன்னிங்ஸில் முந்தினாலே அடுத்த கட்டத்துக்குப் போகலாம். 591 ரன் முந்தியாகிவிட்டது. ஆனாலும் ஜார்க்கண்ட் மறுபடி மட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கி இன்னும் 417 எடுத்தது. ஆக 1008 ரன் முன்னிலை. ஆட்டம் முடிவில்லாமல் முடிந்தது. ஜார்க்கண்ட் ஆட்டக்காரர்கள் எந்த விதியையும் மீறவில்லை. அவர்கள் மீது குற்றம் சொல்ல நான் யார்? ஆனால் அந்த இரண்டாவது இன்னிங்ஸில் மைதானத்தில் இருந்தது ஒரே அணிதான். மற்றப் பதினொரு பேர் பந்து பொறுக்கிப் போட்டார்கள். தோற்கவே முடியாத இடத்தில் நின்றுகொண்டு ஒருவன் செய்வது உடற்பயிற்சி, விளையாட்டல்ல.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். யாரைச் சேர்ப்பது என்ற கேள்விக்குப் பணம் பதிலாகாது, பிறப்பு பதிலாகாது, தரமும் முழுப் பதிலாகாது. யாரிடம் தோற்க நமக்குச் சம்மதமோ அவனைச் சேர்ப்பதுதான் பதில். இன்றைக்கே தோற்க வேண்டும் என்பதில்லை. இன்றைக்கு அவன் நோஞ்சானாக இருக்கலாம். அவன் ஒரு நாள் வளர்ந்து நம்மை அடிப்பான். அப்படி அடிக்கும்போது நமக்கு வருத்தத்தோடு கூட ஒரு சந்தோஷமும் இருக்கும் என்று தோன்றினால், அவனுக்கு அழைப்பு அனுப்பலாம். அவன் வந்தால் லாபம், வந்தால் பெயர், வந்தால் சுலபமான வெற்றி என்று மட்டும் தோன்றினால் அழைப்பிதழைக் கிழித்துப் போட்டுவிடுவது மரியாதை.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. நம் சென்னையிலேயே நடந்திருக்கிறது. கிரிக்கெட், ஹாக்கி இரண்டிலும் இந்தியாவுக்காக ஆடிய எம். ஜே. கோபாலன் பெயரால் 1953-ல் ஒரு கோப்பை ஏற்பட்டது. சென்னைக்கும் இலங்கைக்கும் போட்டி. அப்போது இலங்கைக்கு டெஸ்ட் ஆடும் அந்தஸ்து கிடையாது. பெரிய நாடுகளின் கப்பல்கள் கொழும்பில் நிற்கும்போது ஒரு நாள் ஆட்டம் கிடைத்தால் அதிர்ஷ்டம். சென்னை அவர்களோடு பல வருஷங்கள் இங்கேயும் அங்கேயுமாக ஆடியது. இதில் பெரிய வசூல் ஒன்றும் இல்லை. கடலுக்கு அந்தப் பக்கம் ஆட ஆசைப்படுகிறவன் இருக்கிறான், இந்தப் பக்கம் நாம் இருக்கிறோம் என்பதுதான் காரணம்.

1979-ல் உலகக் கோப்பைப் போட்டியில், இன்னும் முழு அங்கத்தினர் ஆகாத இலங்கை இந்தியாவைத் தோற்கடித்தது. 1981-ல் டெஸ்ட் அந்தஸ்து வந்தது. 1982 செப்டம்பரில் இந்திய மண்ணில் தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை இலங்கை எங்கே ஆடியது? சேப்பாக்கத்தில்தான். தலீப் மெண்டிஸ் இரண்டு இன்னிங்ஸிலும் சொல்லி வைத்தாற்போல் 105, 105. கடைசியில் 175 எடுத்தால் வெற்றி என்று இறங்கிய இந்தியா 135-க்கு ஏழு விக்கெட்டை இழந்து மூச்சுத் திணறித் தப்பித்தது. 1996-ல் இலங்கை உலகக் கோப்பையையே கொண்டு போயிற்று. தண்ணீர் ஊற்றியவர்களில் நாமும் ஒருவர் என்று சென்னை பெருமைப்படலாம். யாரையாவது வளர்த்து, அவரிடமே தோற்று, அதில் பெருமைப்படுவது தகப்பன்மார்கள் அறிந்த சுகம். விளையாட்டிலும் அது உண்டு.

சம்மதம் உண்டா இல்லையா என்பதை எதை வைத்துக் கண்டுபிடிப்பது என்று கேட்டால், மூன்று சோதனைகள் எனக்குத் தோன்றுகின்றன. அவனுடைய மைதானத்துக்கு நாம் போய் ஆடுவோமா, அல்லது எப்போதும் அவன்தான் நம்மைத் தேடி வர வேண்டுமா? புதிதாக வந்தவனுக்கும் பழையவர்களோடு சமமாக இலை போடுவோமா, அல்லது ஒன்பது வருஷம் பட்டினி கிடக்கச் சொல்வோமா? நாளைக்கு நமக்கு இன்னும் பெரிய இடத்திலிருந்து அழைப்பு வந்து போக நேர்ந்தால், விட்டுப் போகிறவனோடு வருஷத்துக்கு ஓர் ஆட்டமாவது ஆடுவோமா? மூன்றுக்கும் ஆம் என்றால் அது சங்கம். மூன்றுக்கும் இல்லை என்றால் அது சந்தை.

இனித் தேவதானத்துக்குத் திரும்புவோம். தேவதானம் விருதுநகர் மாவட்டத்தின் தெற்கு ஓரம். அதைத் தாண்டிச் சிவகிரிப் பக்கம் போனால் தென்காசி மாவட்டம். வயலுக்கும் மலைக்கும் தெரியாத அந்தக் கோடு பல்கலைக் கழகங்களுக்குத் தெரியும். 1966-ல் மதுரைப் பல்கலைக் கழகம் ஏற்படும் வரை இந்தப் பிரதேசம் முழுவதும் சென்னைப் பல்கலைக் கழகத்தின் கொடியின் கீழ் இருந்தது. 1990-ல் திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக் கழகம் வந்தபின், கோட்டுக்கு வடக்கே உள்ள கலைக் கல்லூரிகள் மதுரைக்கும், தெற்கே உள்ளவை நெல்லைக்கும் போயின. தேவதானத்துப் பையன் ராஜபாளையத்தில் கலைக் கல்லூரியில் சேர்ந்தால் மதுரைக்காக ஆடுவான். அவன் அத்தை மகன் சிவகிரிப் பக்கத்துக் கல்லூரியில் சேர்ந்தால் நெல்லைக்காக ஆடுவான். அதே பையன் அண்ணா பல்கலைக் கழகத்தோடு இணைந்த எஞ்சினீரிங் கல்லூரிக்குப் போனால் அண்ணா பல்கலைக் கழகத்தின் சட்டை. ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த கிருஷ்ணன்கோவிலில், 2006-ல் நிகர்நிலைப் பல்கலைக் கழகமான கலசலிங்கத்தில் சேர்ந்தால் இன்னொரு சட்டை. ஒரே தெருவில் ஒன்றாகக் கபடி ஆடி வளர்ந்த நால்வர் தென் மண்டலப் போட்டியில் நான்கு கொடிகளின் கீழ் எதிரெதிரே நிற்கலாம்.

அமெரிக்காவைப் போல இங்கே பொறுக்கி எடுப்பதில்லை. பல்கலைக் கழகங்களுக்கிடையிலான போட்டியில் பெரியவன் சிறியவன் பார்க்காமல் மண்டலத்தில் உள்ள எல்லோரையும் சேர்க்கிறார்கள். 1925-ல் ஏற்பட்ட பல்கலைக் கழகங்களின் பொதுச் சபை, இன்று இந்தியப் பல்கலைக் கழகங்களின் சங்கம் என்ற பெயரில் இதை நடத்துகிறது. நியாயமான ஏற்பாடு. ஆனால் எல்லோரையும் கூப்பிட்டால் எல்லோருக்கும் இலை போட முடிவதில்லை. பெரும்பாலும் முதலில் தோற்றவன் வெளியே என்ற முறைதான். கடைசி நான்கு அணிகளுக்குத்தான் ஒருவரோடொருவர் ஆடும் யோகம். சிறிய ஊர்ப் பையன் ராத்திரி முழுவதும் ரயிலில் கண் விழித்துப் போய், காலையில் ஓர் ஆட்டம் ஆடி, தோற்று, சாயங்கால ரயிலில் திரும்பி வருவான். அவனுடைய வருஷம் முடிந்தது. அங்கே கதவு குறுகல், உள்ளே போனால் விருந்து; இங்கே கதவு அகலம், உள்ளே போனால் ஒரு கவளம். இரண்டிலும் பசியோடு திரும்புகிறவன் ஒருவனே.

பெரியவர்கள் திண்டாடும் இந்தக் கணக்கை நம் கிராமத்துப் பிள்ளைகள் எப்போதோ போட்டு முடித்துவிட்டார்கள். உத்தி பிரிப்பது என்று ஒரு வழக்கம் உண்டு. ஆட்டத்துக்கு இரண்டு தலைவர்கள். மற்றவர்கள், பலத்தில் தனக்குச் சமமான ஒருவனைப் பார்த்து ஜோடி சேர்ந்துகொள்வார்கள். ஜோடி ஒதுங்கிப் போய்த் தங்களுக்குள் ரகசியப் பெயர் வைத்துக்கொண்டு வரும்: ஒருவன் மாங்காய், ஒருவன் தேங்காய். "உனக்கு மாங்காய் வேணுமா, தேங்காய் வேணுமா?" என்று கேட்பார்கள். யார் எந்தப் பெயர் என்று தெரியாமலே தலைவன் ஒன்றைக் கேட்பான். மற்றவன் எதிர் அணி. இதில் உள்ள அறிவைப் பாருங்கள். நோஞ்சான் நோஞ்சானோடு ஜோடி சேர்கிறான். ஆகவே இரண்டு அணியும் சமம். தேர்ந்தெடுக்கிறவனுக்கு ஆளைத் தெரியாது. ஆகவே பணக்கார வீட்டுப் பிள்ளை என்றோ, சொந்தக்காரன் என்றோ பொறுக்க முடியாது. எல்லாவற்றையும் விட முக்கியம், கடைசியில் யாரும் வேண்டாதவனாகத் தனியே நிற்பதில்லை. 'மிச்சம்' என்ற அணி அந்த ஆட்டத்தில் கிடையாது.

உத்தி பிரித்துப் பல்கலைக் கழகங்களைச் சேர்க்க முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் புத்தியை எடுத்துக்கொள்ளலாம். சமமானவர்களைச் சமமானவர்களோடு முதலில் ஆட விடலாம். மதுரையும் நெல்லையும் கிருஷ்ணன்கோவிலும் போன்ற அண்டை வீட்டார்கள் தங்களுக்குள் வருஷம் முழுவதும் மாறி மாறி வீட்டுக்கு வீடு போய் ஆடலாம். ரயில் செலவும் மிச்சம். ஆட்டமும் மிச்சமில்லாமல் கிடைக்கும்.

தேவதானத்துச் சுவாமிக்கு நச்சாடை தவிர்த்தவர் என்று பெயர். பகையரசன் ஒருவன் பாண்டியனுக்கு நஞ்சு தோய்த்த ஆடையைப் பரிசாக அனுப்பினான். சுவாமி அந்த ஆபத்திலிருந்து பாண்டியனைக் காப்பாற்றினார் என்பது தல வரலாறு. அந்தப் பகைவனின் மனசுதான், தோற்கச் சம்மதமில்லாதவனின் மனசு. நேருக்கு நேர் நிற்கப் பிடிக்காதவன் பட்டாடையை அனுப்புகிறான். பெரிய சங்கங்களின் அழைப்பிதழ்களும் சில சமயம் அப்படித்தான் பளபளக்கின்றன. போர்த்திக்கொண்டவனுக்குப் பழைய எதிரிகளும் போய்விடுகிறார்கள், பழைய ஊரும் போய்விடுகிறது.

அந்தக் கோயில், பக்கத்து வட்டாரத்திலுள்ள ஐந்து பஞ்சபூதத் தலங்களில் ஒன்று. சங்கரன்கோவில் மண், தாருகாபுரம் தண்ணீர், கரிவலம்வந்தநல்லூர் நெருப்பு, தென்மலை காற்று, தேவதானம் ஆகாயம். சங்கரன்கோவிலில் ஆடித்தபசுக்குக் கூடும் ஜனம் தேவதானம் கண்டிராது. ஐந்தில் நான்கு இன்று ஒரு மாவட்டம்; தேவதானம் மட்டும் இன்னொரு மாவட்டம். கூட்டம் குறைவு, கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்லி யாரும் ஆகாயத்தை நீக்கிவிட்டு ஐந்தை நான்காக ஆக்கவில்லை. யாரைச் சேர்ப்பது என்று கூடிப் பேசுகிறவர்கள், வருமானக் கணக்கைப் புரட்டுமுன் ஒரு கேள்வி கேட்டுக்கொண்டால் போதும்: இவன் வராவிட்டால் நம் ஆட்டத்தில் என்ன குறையும்?